காலிஃபிளவரை உருளைக்கிழங்கு என்று கூப்பிடாதீர்கள்

நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை. அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விருந்து. மேஜை நடுவில் வான்கோழி, பக்கத்தில் கிரான்பெர்ரி சாஸ், ஒரு கிண்ணத்தில் கிரேவி. அந்தக் கிரேவிக்குத் துணையாக வருஷா வருஷம் வெள்ளை வெளேரென்று வந்து உட்காரும் மசித்த உருளைக்கிழங்கைக் காணோம். அதே இடத்தில் இன்னொரு வெள்ளைக் கிண்ணம். வீட்டில் யாருக்கோ சர்க்கரை. சமைத்தவர் ஒன்றும் சொல்லாமல் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முதல் கரண்டி வாய்க்குள் போகிறது. இரண்டு விநாடி. புருவம் சுருங்குகிறது.

"என்னது இது?"

"காலிஃபிளவர்! கண்டுபிடிக்கவே முடியலை, இல்ல?"

கண்டுபிடித்துவிட்டார்கள். மேஜையில் இருந்த அத்தனை பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள். மரியாதைக்காக யாரும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே மிச்சம். சர்க்கரைக்காரர் மட்டும் கடமைக்கு இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் யாரும் பார்க்காதபோது நேற்றைய பிரெட்டை எடுத்து வெண்ணெய் தடவுகிறார்.

இந்தக் காட்சி எத்தனை வீட்டில் நடந்திருக்கும் என்பதற்குக் கணக்கு கிடையாது. ஆனால் காலிஃபிளவர் மசியலைப் பற்றி எழுதப்படும் சமையல் குறிப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் காட்சியைத்தான் தயாரித்துக் கொடுக்கின்றன. 'வித்தியாசமே தெரியாது' என்பது அவற்றின் தேசிய கீதம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். காலிஃபிளவர் மீது ஒரு புகாரும் இல்லை. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவதிலும் புகார் இல்லை. புகார் அந்தப் பெயர் மேல்தான். ஒரு நல்ல பதார்த்தத்துக்கு வேறொருவனின் சட்டையை மாட்டிவிட்டு, அளவு சரியில்லை என்று சிரிக்கிறார்கள். அந்தப் பொய் சமையலையும் கெடுக்கிறது, கணக்கையும் கெடுக்கிறது, கடைசியில் சர்க்கரைக்காரரையும் கைவிடுகிறது.

வேஷம் எப்போது போட்டார்கள்?

உருளைக்கிழங்கை ஒதுக்கி உடம்பைக் குறைக்கும் யோசனை புதிது இல்லை. லண்டனில் சவ அடக்கத் தொழில் நடத்திவந்த வில்லியம் பாண்டிங் என்பவர் 1863-ல் ஒரு சின்னப் பிரசுரம் போட்டார். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இத்யாதிகளை விட்டதும் எடை இறங்கிய கதை. பிரசுரம் சக்கைப்போடு போட்டது. ஸ்வீடிஷ் மொழியில் இன்றைக்கும் டயட் இருப்பதற்கு 'பான்டா' என்றுதான் சொல்கிறார்கள். அந்த மனிதரின் பெயரிலிருந்து வந்த வினைச்சொல். பாண்டிங் எந்தக் காய்கறியும் சாப்பிடலாம், உருளைக்கிழங்கு மட்டும் வேண்டாம் என்றார். அதாவது விடவேண்டியதை விட்டார், மற்றதை மற்றதாகவே சாப்பிட்டார். முட்டைக்கோசை ரொட்டி என்று ஏமாற்றிக்கொள்ளவில்லை.

அதன்பின் நியூயார்க்கின் இதயநோய் மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ். 1972-ல் முதல் புத்தகம். அலை நிஜமாகவே எழும்பியது 2003, 2004 வாக்கில். லோ-கார்ப் ரொட்டி, லோ-கார்ப் பீர், லோ-கார்ப் பாஸ்தா, லோ-கார்ப் ஐஸ்க்ரீம் என்று சூப்பர் மார்க்கெட் அலமாரி முழுக்க 'லோ-கார்ப்' ஒட்டிய சாமான்கள். கூடவே 'நெட் கார்ப்' என்ற ஒரு எண். அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வரையறுக்காத அந்த எண்ணை அவரவர் இஷ்டப்படி கணக்கிட்டு அட்டையில் போட்டுக்கொண்டார்கள். அட்கின்ஸ் 2003 ஏப்ரலில் இறந்துபோனார். அவர் தொடங்கிய நிறுவனம் 2005-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்த இடம் சுவாரசியமானது. முட்டை, மீன், கீரை, காலிஃபிளவர் விற்பதில் பெரிய லாபம் கிடையாது. யார் வேண்டுமானாலும் விற்கலாம். லாபம் இருப்பது 'அதே மாதிரி'யில். அதே மாதிரி ரொட்டி, அதே மாதிரி பாஸ்தா, அதே மாதிரி சாக்லேட். ஆகவே லோ-கார்ப் என்ற உணவு முறையை 'அதே மாதிரி' என்ற சரக்காக மாற்றினார்கள். வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தவன் அதே மாதிரி இல்லை என்று கண்டுகொண்டான். சரக்கு தேங்கியது. கதை முடிந்தது.

அந்தக் காலத்தில்தான் மசித்த காலிஃபிளவருக்கு 'ஃபோடேட்டோ' என்று பெயர் பரவியது. பொய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லையும் பொட்டேட்டோவையும் ஒட்டவைத்த சொல். தமிழில் சொன்னால் 'பொய்க்கிழங்கு'. பெயரிலேயே வாக்குமூலம்!

நிறுவனம் விழுந்தது, பொய்க்கிழங்கு விழவில்லை. காலிஃபிளவர் அரிசி, காலிஃபிளவர் பீட்சா, காலிஃபிளவர் மசியல் என்று உறைந்த பாக்கெட்டுகளில் மறுபடி வந்தது. தமிழ் பேலியோ வட்டாரத்தில் அரிசிக்குப் பதிலாக 'காலிஃபிளவர் சாதம்' துருவுவதும் இதே குடும்பத்துப் பழக்கம்தான்.

விளையாட்டு இல்லை

எதற்கு இவ்வளவு கோபம், ஒரு தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்துக்கு? கேட்கலாம்.

அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 3.8 கோடி பேர் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. இந்தியாவில் 10.1 கோடி என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொன்னது. இவர்களுக்கு மாவுச்சத்தைக் குறைப்பது ஃபேஷன் கிடையாது. உட்கொள்ளும் மாவுச்சத்தின் அளவைக் குறைப்பதுதான் ரத்த சர்க்கரையைச் சீராக்க அதிக ஆதாரம் உள்ள உணவு வழி என்று அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் 2019 அறிக்கையே ஒப்புக்கொண்டது. (இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்துவிடலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும். இதில் வீரம் வேண்டாம்.)

இந்த இடத்தில் காலிஃபிளவரின் தகுதி உண்மையானது. பச்சையாக 100 கிராம் எடுத்தால் உருளைக்கிழங்கில் மாவுச்சத்து சுமார் 17 கிராம், காலிஃபிளவரில் 5 கிராம். கலோரி 77-க்கு 25. வைட்டமின் சி காலிஃபிளவரில் இரண்டு மடங்குக்கும் மேல். 92 சதவீதம் தண்ணீர். சர்க்கரைக்காரர் தட்டில் அது இருக்க இதற்கு மேல் சிபாரிசு தேவையில்லை.

ஆனால் ஒரு உணவு முறை வேலை செய்ய அதைத் தொடரவேண்டும். ஒரு வாரம் இல்லை, வருஷக்கணக்கில். 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருஷம் கவனித்தது. ஒரு கூட்டம் கொழுப்பைக் குறைத்தது, இன்னொன்று மாவுச்சத்தைக் குறைத்தது. முடிவில் இரண்டு பக்கமும் சராசரியாக 5 கிலோவிலிருந்து 6 கிலோவரை குறைந்திருந்தது. வித்தியாசம் சொல்லும்படி இல்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் பார்த்தால் சிலர் மளமளவென்று குறைந்திருந்தார்கள், சிலர் ஏறியிருந்தார்கள். எந்தக் கட்சி என்பதைவிடத் தன்னால் எதைத் தாக்குப்பிடிக்க முடிகிறது என்பதே முக்கியம் என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டால் தப்பில்லை.

பொய்க்கிழங்கை யாரால் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடியும்? ஒவ்வொரு வாயும் 'இது அது இல்லை' என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். இழந்ததை நினைவூட்டுவதற்கென்றே செய்த பதார்த்தம்.

கணக்குப் பார்ப்போம்

பொருளாதார முதலாண்டுப் பாடத்தில் டீக்குக் காபியை மாற்றுப் பொருள் என்று சொல்லிக்கொடுப்பார்கள். காபி விலை ஏறினால் ஜனங்கள் டீ பக்கம் போவார்கள். ஆனால் அதற்காக டீயைக் கறுப்பாக்கி, நுரை பொங்க வைத்து, 'காபி மாதிரியே இருக்கும்' என்று எந்த டீக்கடைக்காரரும் விற்பதில்லை. டீ டீயாகத்தான் ஜெயிக்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்க, அது முதலாவதைப் போல நடிக்கவேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

நடிப்பதற்குச் செலவு உண்டு. காலிஃபிளவரில் ஸ்டார்ச் மிகக் குறைவு. உருளைக்கிழங்கின் கனம், வாயில் நிற்கும் அந்தக் கெட்டி எல்லாம் ஸ்டார்ச்சின் வேலை. அது இல்லாத இடத்தில் வேஷம் பொருந்த என்ன செய்கிறார்கள்? கொழுப்பைக் கொட்டுகிறார்கள். இந்த வகைக் குறிப்புகளில் சாதாரணமாகத் தென்படும் அளவுகளை வைத்து நாலு பேருக்கு ஒரு ஐந்தொகை போடலாம்.

காலிஃபிளவர் 600 கிராம்: 150 கலோரி. வெண்ணெய் மூன்று மேஜைக்கரண்டி: 300. க்ரீம் சீஸ் 115 கிராம்: சுமார் 400. துருவிய செடார் சீஸ் 50 கிராம்: 200. மொத்தம் 1,050. ஆளுக்கு 260-க்கு மேல்.

இப்போது வில்லன். உருளைக்கிழங்கு 600 கிராம்: 460. வெண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி: 200. பால் அரை கப்: 75. மொத்தம் 735. ஆளுக்கு 185-க்குக் கொஞ்சம் கீழே.

ஆக, 'டயட்' கிண்ணத்தில் கலோரி அதிகம்! அதிலும் 1,050-ல் காலிஃபிளவரின் பங்கு 150 மட்டுமே. ஏழில் ஒரு பங்கு காய், ஆறு பங்கு கொழுப்பு. பெயர்ப்பலகையில் மட்டும் காலிஃபிளவர்.

நியாயமாக இன்னொரு பத்தியையும் பார்க்கவேண்டும். மாவுச்சத்து இங்கே ஆளுக்கு 9 கிராம், அங்கே 28 கிராம். ரத்த சர்க்கரைக்காக மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த லாபம் நிஜம். எடை குறைக்கச் சாப்பிடுபவருக்கு? அவர் வரவுப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டுச் செலவுப் பத்தியை மூடிவைத்திருக்கிறார். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

இன்னும் ஒரு படி மேலே போனால் காலிஃபிளவர் பீட்சா. கடையில் விற்கும் பல பீட்சா அடித்தட்டுகளில் காலிஃபிளவரோடு அரிசி மாவோ சோள மாவோ மரவள்ளி ஸ்டார்ச்சோ சேர்ந்திருக்கும். காலிஃபிளவர் தானாக ஒட்டாது, அதனால். அப்படிப்பட்ட சிலவற்றில் மாவுச்சத்து கோதுமை பீட்சாவுக்கு அருகிலேயே வந்து நிற்கும். முன்பக்கம் காலிஃபிளவர் என்று படித்துவிட்டு இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிடும் சர்க்கரைக்காரருக்கு யார் பதில் சொல்வது? பொய் முதலில் சமையலறையில் செல்லமாக ஆரம்பிக்கிறது. கடைக்கு வரும்போது அதற்குப் பல் முளைத்துவிடுகிறது.

வேஷம் சமையலைக் கெடுக்கும் விதம்

காலிஃபிளவரை எண்ணெய் தடவி அடுப்பில் 200 டிகிரியில் வறுத்தால் ஓரமெல்லாம் பழுப்பேறி, பருப்பு வறுத்த மாதிரி ஒரு வாசனையும் இனிப்பும் வரும். அந்தக் காயின் உச்சமே அதுதான். ஆனால் பொய்க்கிழங்குக்காரர் அதைச் செய்யமாட்டார். ஏன்? மசித்தால் நிறம் பழுப்பாகிவிடும், குட்டு உடைந்துவிடும்! வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதற்காக நிறையத் தண்ணீரில் போட்டு வேகவைக்கிறார். ஏற்கெனவே 92 சதவீதம் தண்ணீரான காய் இன்னும் தண்ணீர் குடிக்கிறது. ரொம்ப நேரம் வெந்தால் முட்டைக்கோசுக் குடும்பத்துக்கே உரிய கந்தக நாற்றம் கிளம்புகிறது. அந்த நாற்றத்தை மூட சீஸ். தண்ணீரை மூட க்ரீம் சீஸ். கிரேவி ஊற்றினால் தட்டில் குளம் கட்டுகிறது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். காலிஃபிளவரால் முடிந்து உருளைக்கிழங்கால் முடியாத ஒன்று இருக்கிறது. வெந்த உருளைக்கிழங்கை மிக்ஸியில் போட்டு அடித்தால் ஸ்டார்ச் மணிகள் உடைந்து பசையாகிவிடும். போஸ்டர் ஒட்டலாம். அதனால்தான் அதைக் கையால் மசிக்கிறார்கள். காலிஃபிளவருக்கு அந்தப் பயம் இல்லை. எவ்வளவு அடித்தாலும் பட்டு மாதிரி ஆகுமே தவிர பசையாகாது. பிரெஞ்சுக்காரர்கள் இதை எப்போதோ தெரிந்துவைத்திருந்தார்கள். பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி மேடம் டு பாரியின் பெயரை அந்நாட்டு உணவுப் பட்டியலில் பார்த்தால், அந்தப் பதார்த்தத்தில் காலிஃபிளவர் இருக்கிறது என்று அர்த்தம். அரண்மனைப் பெயரோடு சூப்பாக மேஜைக்கு வந்த காய் அது. அதைப் பிடித்துவந்து கிழங்குக்கு டூப் போட வைத்திருக்கிறார்கள்.

'பேரில் என்ன இருக்கு?'

வழக்கமான சப்பைக்கட்டு இது. பெயர் எதுவானால் என்ன, ஜனங்கள் சாப்பிட்டால் சரி என்பார்கள்.

பெயரில் நிறைய இருக்கிறது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் யோமன்ஸ், சமையல் கலைஞர் ஹெஸ்டன் புளூமெந்தால் உள்ளிட்டோர் செய்த ஒரு சோதனை 2008-ல் வெளியானது. புகையூட்டிய சால்மன் மீனில் ஒரு ஐஸ்க்ரீம். சிலருக்கு அதை ஐஸ்க்ரீம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிலருக்கு உறைந்த கார மூஸ் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே பாத்திரத்துச் சரக்கு. ஐஸ்க்ரீம் என்று நம்பி வாயில் வைத்தவர்கள் முகம் சுளித்தார்கள், உப்பு அதிகம் என்றார்கள். மூஸ் என்று கேட்டுச் சாப்பிட்டவர்கள் பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். மாறியது பெயர் மட்டும்.

உருளைக்கிழங்கு என்று சொல்லி வாயைத் தயார்படுத்திவிட்டுக் காலிஃபிளவரை வைத்தால் நடப்பதும் இதேதான். காய் தோற்கவில்லை. பெயர் தோற்கடித்தது.

அப்படியானால் காலிஃபிளவர் 65-க்கு என்ன பதில் என்று சென்னைக்காரர் மடக்கலாம். நல்ல கேள்வி. சிக்கன் 65-ஐப் பார்த்துப் பிறந்ததுதான் அது. ஆனால் பெயரை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். முதலில் காலிஃபிளவர், பிறகு 65. கடன் வாங்கியது மசாலாவையும் எண்ணெயில் பொரிக்கும் முறையையும். காய் தன் பெயரை முன்னால் போட்டுக்கொண்டுதான் வருகிறது. 'சிக்கன் என்றே நினைப்பீர்கள்' என்று எந்தத் தள்ளுவண்டிக்காரரும் கூவுவதில்லை. சிக்கன் சாப்பிடுபவரும் அதை வாங்கிச் சாப்பிடுகிறார், அது அதுவாகவே நன்றாக இருப்பதால்.

சைவ மீன் குழம்பு? வாழைக்காயைப் போட்டுவிட்டு 'சைவ' என்று முன்னாலேயே அறிவித்துவிடுகிறார்கள். ஏமாறுவதற்கு யாரும் இல்லை.

இன்னும் பொருத்தமான சொல் தமிழில் தயாராக இருக்கிறது. மசியல். கீரை மசியல், சேனைக்கிழங்கு மசியல். மசித்தது எதுவோ அதன் பெயர் முன்னால். கீரை மசியலைப் பார்த்து 'இது எதற்குப் பதில்?' என்று எவரும் கேட்டதில்லை. அந்த வரிசையில் காலிஃபிளவர் மசியல் என்று சொல்லிவிட்டால் தகராறு முடிந்தது.

சட்டம் போட்டுத் தடுக்கவேண்டுமா?

வேண்டாம். அந்தக் கூத்தும் நடந்திருக்கிறது. பிரான்சில் 1869-ல் கண்டுபிடிக்கப்பட்ட மார்ஜரின் அமெரிக்காவுக்கு வந்ததும் வெண்ணெய்க்காரர்கள் அலறினார்கள். 1886-ல் அதன்மேல் மத்திய அரசு வரி போட்டது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மார்ஜரினுக்கு ரோஸ் சாயம் அடித்துத்தான் விற்கவேண்டும் என்று சட்டமே போட்டது. ரோஸ் கலரில் வெண்ணெய் தடவிய ரொட்டி எப்படி இருக்கும்? 1898-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. மத்திய வரி 1950-ல்தான் ஒழிந்தது.

2019-ல் ஆர்கன்சா மாநிலம் அரிசி அல்லாததை 'அரிசி' என்று அட்டையில் போடக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. குறி காலிஃபிளவர் அரிசிமேல். அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறத்தாழ பாதி அந்த மாநிலத்தில் விளைகிறது என்பதைச் சேர்த்துப் படித்தால் அக்கறை யார்மேல் என்பது புரியும். சாப்பிடுபவனுக்காகப் போட்ட சட்டம் இல்லை, விற்பவனுக்காகப் போட்டது. உண்மையான பெயரைச் சொல்ல போலீஸ் எதற்கு? சமைப்பவர் சொன்னால் போதும்.

கிழங்குக்கும் ஒரு வார்த்தை

பொய்க்கிழங்குக் கட்சி இன்னொரு பாவமும் செய்கிறது. உருளைக்கிழங்கை விஷமாக்கிவிட்டது. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழு 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து எது அதிக நேரம் வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று அளந்தது. வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. முதலிடம். குரோசானுக்கு 47, கடைசி இடம். 2010-ல் வாஷிங்டன் மாநில உருளைக்கிழங்கு ஆணையத்தின் தலைமை நிர்வாகி கிறிஸ் வாய்ட் 60 நாள் தினம் 20 உருளைக்கிழங்கு சாப்பிட்டு 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ, இறங்கினார். (அவர் சம்பளம் வாங்குவது கிழங்குக்காக. ஒரே ஆள் செய்த விளம்பரம் ஆய்வாகாது. யாரும் பின்பற்றவேண்டாம்.) ஆனாலும் கிழங்கைத் தொட்டாலே குண்டாகிவிடுவோம் என்ற பேச்சுக்கு அந்த மனிதர் நல்ல பதில்.

சர்க்கரைக்காரர் உருளைக்கிழங்கை அளவாகச் சாப்பிடவேண்டும், சிலர் அறவே விடவேண்டியும் வரலாம். விடுவதென்றால் கௌரவமாக விடலாம். பிரிந்துபோனவரின் சட்டையை இன்னொருவருக்குப் போட்டுவிட்டு அவரோடு குடித்தனம் நடத்துவது இரண்டு பேருக்கும் அவமானம்.

சரி, எப்படித்தான் செய்வது?

குறை சொல்லிவிட்டு ஓடுவது அழகில்லை. ஆகவே செய்முறை.

ஒரு பெரிய காலிஃபிளவர். பூவை மட்டும் கிள்ளிவிட்டுத் தண்டைத் தூக்கிப் போடவேண்டாம். இளந்தண்டைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம், காசு கொடுத்து வாங்கியது. தண்ணீரில் மூழ்கடிக்காமல் ஆவியில் வேகவைக்கவேண்டும். இட்லிப் பாத்திரம் தாராளமாகப் போதும். 12 முதல் 15 நிமிஷம். கத்தியை வைத்தால் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கவேண்டும். அரைவேக்காடாக எடுத்தால் ரவை மாதிரி நெருடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் சரியாகாது.

அடுத்த படிதான் பலர் விடுவது. வெந்ததை வெறும் வாணலியில் போட்டுச் சின்னத் தீயில் மூன்று நான்கு நிமிஷம் கிளறவேண்டும். ஆவி பறந்து தண்ணீர் வற்றும். இந்த மூன்று நிமிஷம் செய்தால் க்ரீம் சீஸ் செலவு மிச்சம்.

சூடாக இருக்கும்போதே மிக்ஸியில் போட்டு, ஒன்றிரண்டு மேஜைக்கரண்டி வெண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய், தோலோடு சுட்டு உரித்த நாலு பூண்டுப் பல், உப்பு, மிளகுத்தூள் சேர்த்து வழுவழுவென்று அடிக்கவேண்டும். பால் வேண்டாம், தண்ணீர் வேண்டவே வேண்டாம். இந்த அளவில் நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 100 கலோரியைத் தாண்டாது.

இன்னும் ருசி வேண்டுமா? காலிஃபிளவரில் பாதியை ஆவியில் வேகவைத்து, மீதிப் பாதியை ஓரம் பழுப்பேற வறுத்து, இரண்டையும் சேர்த்து அடிக்கலாம். நிறம் லேசாகப் பழுப்பாக வரும். வரட்டும். யாரிடமும் மறைப்பதற்கு ஒன்றும் இல்லையே.

இப்போது மறுபடி அந்த மேஜை. அதே வியாழக்கிழமை, அதே வான்கோழி, அதே கிண்ணம். உள்ளே இருப்பது லேசான பழுப்பு. சமைத்தவர் கிண்ணத்தை வைக்கும்போதே, "வறுத்த காலிஃபிளவர் மசியல், பூண்டு போட்டது" என்று சொல்லிவிடுகிறார். யாரும் எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. பக்கத்திலேயே உருளைக்கிழங்கும் இருக்கிறது, வேண்டியவர்களுக்கு. சர்க்கரைக்காரர் முதல் கரண்டியை வாயில் வைக்கிறார். இரண்டு விநாடி.

இரண்டாவது கரண்டிக்குக் கை தானாகப் போகிறது.